ஓய்வு நாள்: வயிறுள்ள கட்டுமரம்

சென்ற இதழில் துத்சாகர் அருவிக்குக் குடும்பத்துடன் சென்றுவந்த கணக்கை இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் சிலர், சங்கத்துப் பொங்கல் விழாவில் நம்மைப் பந்தியிலேயே மடக்கி, "அருவியும் கோயிலும் எத்தனை தரம் ஐயா எழுதுவீர்? வாஸ்கோவைச் சுற்றி இத்தனை நீர் கிடக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே!" என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஜுவாரி ஆற்றின் கழிமுகத்தில் குடியிருந்துகொண்டு, ஓய்வு நாள் வந்தால் மட்காவுக்குப் பேருந்து ஏறும் நம்மவரை நினைத்தால் நமக்கே நகைப்பு உண்டாகும். ஆயினும் நாம் நீரைப் பற்றி எழுதாதிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

முதலில் படகு வந்த கதை. நம் சரக்கு அலுவலகத்தில் நமக்கு அடுத்த மேசையில் இருப்பவர் நெல்லைச் சீமை நண்பர். நாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பது. ரயில்வேயில் ஆண்டுதோறும் தசராவுக்கு முன் கிடைக்கும் போனஸ் இருக்கிறதே, பெயரளவில் அது 78 நாள் ஊதியம். கையில் விழுவது உச்சவரம்பின்படி 17,951 ரூபாய். இரண்டாண்டுத் தொகையைத் தொடாமல் வைத்திருந்து, அத்துடன் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, அண்ணாச்சி ஒரு கயாக் வாங்கிவிட்டார். மீன் பிடிப்பதற்கென்றே செய்த, மேலே அமர்ந்து செலுத்தும் வகை. அது லாரியில் வந்து இறங்கிய நாள் முதல் ஒரு வாரம் அண்ணியார் அவருடன் பேசவில்லை என்று கேள்வி.

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த பனிநாட்டில் வாழும் இனுயிட் மக்களின் ஓடம். எலும்பாலும் ஒதுங்கிய மரத்தாலும் கூடு கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்து, நடுவில் ஒருவர் இடுப்பளவு நுழையத் துளை விட்டிருப்பர். குளிர் நீர் மேலே படாதிருக்க அவர்களுக்கு அது வேண்டும். வெப்ப நாட்டில் எதற்கு? 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபுக் கடற்கரையில் டிம் நீமியர் என்பவர், அலைமேல் சறுக்கும் பலகையொன்றில் குழிகள் செதுக்கி, அதன்மேல் அமர்ந்து துடுப்பிடத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே இவ்வகை. இன்று இதனைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தூளைச் சூடான அச்சுக்குள் சுழற்றி, ஒட்டே இல்லாமல் ஒரே கூடாக வார்க்கின்றனர்.

அண்ணாச்சியின் படகு பத்தடி நீளம். அகலம் இரண்டரை அடிக்குச் சற்று மேல். எடை முப்பது கிலோ. தூக்கும் பாரம் 150 கிலோ என்று கண்டிருந்தது. முன்னும் பின்னும் கைப்பிடி, தூண்டிற்கோல் செருகப் பின்னால் இரண்டு குழல்கள், பெட்டி வைக்க ஒரு பள்ளம், இருபுறமும் அலகுள்ள நீண்ட துடுப்பு. இவற்றையெல்லாம் விட நம் கண்ணைக் கவர்ந்தது, இருக்கையின் இருமருங்கும் கால் வைக்கும் இடத்திலும் மேலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்லும் துளைகளே. ஓட்டைப் படகை விலை கொடுத்து வாங்குவார் உண்டோ என்று அலுவலகத்தில் பலர் கேலி செய்தனர். நாம் செய்யவில்லை. ஏனெனில் அது நமக்குத் தெரிந்த பொருள். அமரும் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால், உள்ளே தெறித்த நீர் அத்துளைகளின் வழியே தானே இறங்கிவிடும். கட்டுமரத்தில் மரங்களுக்கிடையே புகுந்த நீர் அவ்வாறே வழிந்துபோகும். இறைக்க வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்பதும் நம் சொல்தான். ஆனால் அவர்கள் அப்பெயரை இரட்டை உடல் கொண்ட கப்பலுக்குச் சூட்டிவிட்டனர். பெயர் ஓரிடம் போயிற்று; பொருள் இப்போது வேறிடத்திலிருந்து பிளாஸ்டிக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

கட்டுமரம் நமக்கு எப்படித் தெரியும் என்பதற்கே காரணத்தைச் சொல்ல வேண்டும். நாம் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தோம். தந்தையார் கட்டுமரத்தில் சென்றவர். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உருட்டிக் காயவைப்பார். ஊறிய மரம் கனக்கும். அம்மரங்களின்மேல் உட்கார்ந்துதான் நாம் வாய்ப்பாடு படித்தது. 2004 டிசம்பர் 26 அன்று நமக்கு வயது 13. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்ட நாள் அது. தந்தையார் அப்போது ஆழத்தில் இருந்தார். அலை தமக்கு அடியில் சென்றதைக்கூட அவர் அறியவில்லை. கரையில் இருந்த நம் தங்கை போய்விட்டாள். மரங்களும் போயின. நிவாரணத்தில் குப்பத்துக்குப் பைபர் படகுகள் வந்தன. தந்தையார் பங்குக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஓட்டினார். ஆனால் நம்மை நீரில் இறக்குவதில்லை என்று அன்னையார் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். மெட்ரிக் தேறியதும் ரயில்வேத் தேர்வு எழுத வைத்ததும் அவ்வாக்கின் வழியே. தந்தையார் 2015இல் மறைந்தபின், அன்னையார் வேளாங்கண்ணியிலிருந்து வாஸ்கோவுக்கு வரும் வண்டியேறி நம்முடன் வந்து சேர்ந்தார். ரயில்வே குடியிருப்பின் பின்கட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கப்பல்களின் விளக்குகள் தெரியும். அன்னையார் முன்கட்டில்தான் படுப்பார்.

ஆகவே அண்ணாச்சி, "தம்பி, நீங்கள் கடற்கரைக்காரர். முதல் ஓட்டம் உங்கள் கையால் ஆகட்டும்" என்றபோது, வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்னையாரிடம், அண்ணாச்சியின் படகைப் பார்த்துவரப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். அது பொய்யன்று, முழு மெய்யும் அன்று.

நாள் 2026 ஜனவரி 18, ஞாயிறு. இடம் சிக்காலிம் குடா. செயின்ட் ஜசிந்தோ தீவுக்கு அருகே, சேற்றுப் பரப்பும் அலையாத்தி மரங்களுமாய்க் கிடக்கும் அமைதியான நீர். பழைய கோவா வீடுகளில் ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய சிப்பி ஓடுகளைப் பதித்திருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அச்சிப்பி இக்குடாவில் விளைவது. (முதலை உண்டா என்று நம் மகன் கேட்டான். முதலை இருப்பது கிழக்கே மாண்டவியையும் ஜுவாரியையும் இணைக்கும் கும்பார்ஜுவாக் கால்வாயில். அங்கே இவ்வகை ஓடத்தில் போகவே வேண்டா.)

அண்ணாச்சி ஏற்றவற்ற அட்டவணையைக் கைப்பேசியில் பார்த்து வைத்திருந்தார். அன்று ஏற்றம் முற்பகல் 11 மணியளவில். ஒன்பதரைக்கு இறங்கி, ஏறும் நீரில் இரண்டு சுற்றுப் போய், 11 மணிக்குக் கரையேறிவிடுவது என்பது திட்டம். ஆனால் அன்று தை அமாவாசை. தந்தையாருக்குப் படையல் இட்டு, காக்கை வந்து சோறெடுத்த பிறகே வீட்டை விட்டுப் புறப்படலாம். வாஸ்கோக் காக்கைகள் மீன் தின்று கொழுத்தவை. வெறும் சோற்றுக்கு எளிதில் இறங்கிவருவதில்லை. நாம் சிக்காலிமை அடைந்தபோது மணி 11.

பிந்தியது பெரிய குற்றமாக நமக்குத் தோன்றவில்லை. அங்கேதான் கடற்கரைக்காரர் என்ற பட்டம் நம்மை ஏமாற்றியது. நாகைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூடத் தேறாது. கோவாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு இரண்டு மீட்டர் அளவு இருக்கும். அத்தனை நீரும் ஆறு மணி நேரத்துக்குள் கழிமுகத்தின் வழியே வெளியேறியாக வேண்டும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து எதிர்த்து வீசத் தொடங்கும். காற்று ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமுமாய் முட்டினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்.

அண்ணாச்சி முதலில் அரைமணி நேரம் ஓட்டினார். அவர் எடை 52 கிலோ. படகு இலைபோல் மிதந்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. ஆயினும் உயிர்காப்பு அங்கியை அணிந்து வாரை இறுகப் பூட்டியிருந்தார். கரையேறியதும் அவ்வங்கியைக் கழற்றி நமக்குப் பூட்டினார். நமக்கு நீந்தத் தெரியும், இது எதற்கு என்றோம். "தெரிந்தவர்தாம் தம்பி போட வேண்டும். தெரியாதவன் இறங்கவே மாட்டான்" என்றார். அப்போது அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணினோம்.

நம் எடை 88 கிலோ. தூண்டில், இரைப்பெட்டி, சிறு நங்கூரம் எல்லாமாய்ப் பின்புறத்தில் பத்துக் கிலோ. துடுப்பைப் பிடித்த மாத்திரத்தில் இருபதாண்டு எங்கோ ஓடிவிட்டது. வலம் ஒன்று, இடம் ஒன்று. ஒவ்வொரு வலிப்புக்கும் ஓடம் அழகாய் முன்னேறியது. துளைகளின் வழியே இளஞ்சூடான நீர் எழும்பி வந்து நம் இருக்கையை நனைத்தது. அதுதான் இயல்பு என்று படித்திருந்தோமாதலால் பொருட்படுத்தவில்லை. நங்கூரமிட்டு, இறால் கோத்துத் தூண்டில் போட்டோம். கால்மணிக்குள் ஒரு கிழங்கான் கிடைத்தது. கொங்கணியில் முட்தோஷி என்பார்கள். ஒரு சாண் நீளம் இருக்கும். நேயர்களே, அந்த மீனைக் கையில் பிடித்தபோது நாம் அழுதோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதோம்.

பின்னர் நங்கூரத்தை எடுத்துத் திரும்பினோம். ஓடம் திரும்பவில்லை என்றே சொல்ல வேண்டும். வலித்தால் முன்போல் நகரவில்லை. நீர் வற்றுவதால் இழுக்கிறது என்று எண்ணி மேலும் வலித்தோம். ஒரு புறம் சாய்ந்தால் உடனே நிமிராமல், சற்று யோசித்துவிட்டு நிமிர்ந்தது. அடியில் எங்கோ, குடத்தை ஆட்டினாற்போல் ஒரு சத்தம். அலை ஒன்று பின்புறத்தின்மேல் ஏறி வழிந்தது. அதைத் திரும்பிப் பார்த்தோம்; பார்த்த அளவில் ஓடம் நம்மை நீரில் கவிழ்த்துவிட்டது.

என்ன நேர்ந்தது என்பதைப் பிற்பாடு அறிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இவ்வகைப் படகின் கூடு முழுதும் பொந்து. உள்ளே கசிந்த நீரை வடிக்கப் பின்புறத்தில் ஒரு சிறு துவாரமும் அதற்குத் திருகு மூடி ஒன்றும் உண்டு. வண்டியின்மேல் வெயிலில் ஏற்றிவரும்போது உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிவதால், மூடியைத் தளர்த்தி வைப்பது வழக்கம். அண்ணாச்சி அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். பையிலேயே இருந்துவிட்டது. அவர் எடைக்குத் துவாரம் நீருக்கு மேலே நின்றது. நம் எடைக்கும் பின்புறச் சுமைக்கும் அது நீர்மட்டத்துக்கு இறங்கிவிட்டது. இருக்கையில் நாம் கண்ட நீர் குற்றமற்றது. காணாத நீர் கூட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே சேர்ந்த நீர், படகு சாயும் பக்கமெல்லாம் தானும் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். அதனால்தான் நிமிரத் தயங்கியது.

நீரில் விழுந்தபின் நாம் செய்தது ஒன்றே நல்லது: படகை விடவில்லை. ஏற முயன்றோம், கனத்த கூடு நம் பக்கமே உருண்டது. மறுபடியும் முயன்றோம்; மறுபடியும் உருண்டது. மூன்றாம் முறைக்குக் கையில் வலுவில்லை. நீந்தத் தெரியும் என்று சொன்னோமே, அந்த நீச்சல் 13 வயதுப் பையனுடையது. மார்பில் இறுகிய அங்கி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கரையில் அண்ணாச்சி சேற்றில் விழுந்தும் எழுந்தும் நமக்கு இணையாக ஓடிவந்தார். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சிறிதாகிக்கொண்டே போனார். நம்மை வற்றம் துறைமுகப் பக்கம் கொண்டுசென்றது. அந்நேரத்தில் நமக்குத் தங்கையின் நினைவு வரவில்லை. முன்கட்டில் படுக்கும் அன்னையாரின் நினைவே வந்தது. இன்று காலை படையல் இட்ட இலை இன்னும் காயவில்லையே என்று எண்ணினோம்.

சிறு ஓடத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த கோவா முதியவர் ஒருவர் வந்துசேர்ந்தார். நம்மைத் தம் ஓடத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்ளச் சொன்னார். கயாக்கின் பின்புறத்தை ஒரே பார்வை பார்த்தார். "உதக், உதக்" என்று அதன் வயிற்றைச் சுட்டினார். நம் பழைய நூல்களில் வரும் உதகம்தான் அது; கொங்கணியில் இன்றும் அன்றாடச் சொல். தலையில் கட்டியிருந்த துணியில் ஒரு மூலையைக் கிழித்துத் துவாரத்தில் திணித்தார். பிறகு, வற்றத்தை எதிர்த்து ஒரு வலிப்புகூட வீணாக்காமல், நீரோடு சாய்வாகப் போய், நாம் இறங்கிய இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் மேற்கே சேற்றில் சேர்த்தார். படகின் முன்புறத்தை உயர்த்தி நீரை வடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. பணம் கொடுக்க முயன்றோம்; கையை ஆட்டி மறுத்துவிட்டுத் தம் வலைக்குத் திரும்பினார். கிழங்கான் எப்போது போயிற்றென்று தெரியவில்லை.

அண்ணாச்சி வந்துசேர்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்த மூடியை எடுத்துப் பார்த்து, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஏறுமுன் பார்த்திருக்க வேண்டியது ஏறுபவர். தந்தையார் ஒரு நாளும் கட்டை மிதித்துப் பார்க்காமல் மரம் தள்ளியதில்லை.

வீட்டில் மறைக்க முடியவில்லை. துணி மாற்றிக்கொண்டுதான் போனோம். ஆனால் கழிமுகச் சேற்றின் வாடையை அன்னையாரிடம் மறைப்பவர் யார்? இரவு முழுதும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை, "அந்தப் படகு எங்கே இருக்கிறது தம்பி?" என்றார். அண்ணாச்சி வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் சென்றோம். சுற்றிவந்து பார்த்தார். விரல் கணுவால் அதன் முதுகில் தட்டினார்.

"உள்ளே ஒன்றும் இல்லையா?"

"காற்றுத்தான் அம்மா."

"அப்பா மரத்துக்கு வயிறு கிடையாது. நிறைய வழியில்லை. இதற்கு இருக்கிறதே" என்றார். மூடியைக் கேட்டு வாங்கினார். அண்ணியாரிடம் நைலான் கயிறு ஒரு முழம் வாங்கி, மூடியின் கழுத்தில் ஒரு முடிச்சும் கைப்பிடியில் ஒரு முடிச்சும் போட்டு, இனிப் படகை விட்டு அது அகலாதபடி கட்டிவிட்டார். மரங்களை வரிந்து கட்டும் அதே முடிச்சு. இருபத்தோராண்டாக அவர் கை அதைப் போட்டு நாம் பார்த்ததில்லை.

அதன்பின் இரண்டு ஞாயிறு நாம் மீன் பிடிக்கவில்லை. ஏறுகிற நீரில், மார்பளவு ஆழத்தில் நின்று, கவிழ்ப்பதும் ஏறுவதுமே வேலை. முறை இது: கவிழ்ந்த படகின் மேல் குறுக்கே எட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து நிமிர்த்த வேண்டும். பிறகு காலை நீட்டி உதைத்து, நீச்சலடிப்பதுபோல் வயிற்றால் அதன்மேல் ஏறிக் குறுக்கே படுக்க வேண்டும். படுத்தபடியே புரண்டு இருக்கையில் அமர்ந்து, அதன்பின்னரே கால்களை உள்ளே எடுக்க வேண்டும். எழுந்து ஏற முயன்றால் கவிழும். அண்ணாச்சிக்கு முதல் முறையே வந்துவிட்டது. நாம் ஆறு முறையில் இரண்டு தேறினோம். சுமையைப் பின்னால் குவிக்காமல் பாதியை முன்னால் மாற்றினோம். படகின் கணக்கில் 150 கிலோ என்று இருந்தாலும் 110க்கு மேல் ஏற்றுவதில்லை என்றும் முடிவு செய்தோம். துடுப்பைப் படகோடு ஒரு வாரால் பிணைத்தோம். இவ்வகைப் படகு வாங்க எண்ணும் அன்பர்கள் முதலில் அங்கியை வாங்கட்டும். மீதிப் பணத்துக்குப் படகு கிடைத்தால் வாங்கட்டும். மழைக்காலத்தில் ஜூன் முதல் அதை வீட்டிலேயே கவிழ்த்து வைக்கட்டும்.

இரண்டாம் ஞாயிறு அன்னையாரும் வந்திருந்தார். கரையில் ஒரு தென்னையின் நிழலில், ஆற்றைப் பார்த்தும் பாராமலும் உட்கார்ந்திருந்தார். நம் மகன் அவர் மடியருகே நின்று, நாம் விழுந்த கணக்கை உரக்க எண்ணிக்கொண்டிருந்தான். வயது ஒன்பது, நாகையின் கடலையும் அவன் விடுமுறையில் தூர நின்றே பார்த்திருக்கிறான். நாம் கரையேறித் தலை துவட்டும்போது அன்னையார் அண்ணாச்சியைப் பார்த்து, "தம்பி, இந்த அங்கி சின்னப் பிள்ளைகளுக்கு அளவாகக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும் அம்மா. வயதைப் பார்த்துத் தர மாட்டார்கள். எடை சொல்ல வேண்டும்."

"இருபத்தாறு கிலோ" என்றார் அன்னையார்.